கயிற்றை மாமாவே பிடிக்கட்டும்

அன்பு மகள் ரோஸ்லினுக்கு,

கடிதத்தை 'நலம், நலமறிய ஆவல்' என்றுதான் தொடங்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் உன் நலத்தைப் பற்றி மெட்ராஸ் டாக்டரே ஒரு முழுப் பக்கம் இங்கிலீஷில் எழுதி அனுப்பியிருக்கிறார். அதற்கு மேல் நான் அறிய ஆவல்பட என்ன இருக்கிறது? இங்கே எனக்கு வலது காது கேட்கவில்லை, மற்ற உறுப்புகள் எல்லாம் வேலைக்கு வந்துகொண்டிருக்கின்றன. உன் அம்மா சுகமாகவும் கோபமாகவும் இருக்கிறாள். கோபம் என்மேல்தான். நீ அனுப்பிய ஆஸ்பத்திரிப் பேப்பர் எட்டு நாளாகக் கையெழுத்து ஆகாமல் மாதா படத்துக்குப் பின்னால் இருக்கிறது. அதோடு நீ எழுதியிருந்த நாலு வரியையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன். "எப்பா, பேப்பர்ல கையெழுத்து போட்டு அனுப்புங்க. என் கையெழுத்து மட்டும் போதாதாம். ஆபரேஷன் முடிஞ்சு ஆறு மாசத்துல திரும்பக் கபடி ஆடலாம்னு டாக்டர் சொல்லுதார். நீங்க மட்டும் வாங்க. சவரி மாமா வேண்டாம். பாதி ஆபரேஷன்ல என்னைய வெளிய இழுத்துட்டு ஓடிருவாக." இதை நான் சத்தமாக வாசித்தேன். வாசிக்கும்போது உன் மாமா எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சிரித்தேன், உன் அம்மா சிரித்தாள், மாமாவும் சிரித்தார். பிறகு பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார். நெத்திலிக் குழம்பு வைத்த நாளில் அவர் பாதியில் எழுந்ததை நான் அதுவரை பார்த்ததில்லை.

பேப்பரை உன் விளையாட்டு டீச்சர் எஸ்தர்தான் வந்து வாசித்துச் சொன்னார்கள். ரிட்டயர் ஆன பிறகும் அவர்கள் விசில் ஊதுகிற குரலிலேயே பேசுகிறார்கள், ஆகையால் என் ஒரு காதுக்கு அது தாராளம். இதயத்தை முழுக்கத் திறக்க மாட்டார்களாம். பக்கத்தில் சின்னதாக ஒரு வழி செய்து, டாக்டர் விரலை உள்ளே விட்டு, சுருங்கி ஒட்டியிருக்கிற வால்வை விரித்துவிடுவாராம். சிப்பிக்குள் விரல் விட்டு முத்துத் தேடியவர்கள் வம்சம் நாம், அதனால் அந்த இடம் எனக்கு நன்றாகவே விளங்கியது. கடைசியில், 'என்ன நேர்ந்தாலும் சம்மதம்' என்று ஒரு வரி வந்ததே, அதுதான் விளங்கவில்லை. டீச்சரை அந்த வரியை மட்டும் மூன்று தடவை வாசிக்கச் சொன்னேன். மூன்று தடவையும் அது அப்படியேதான் இருந்தது.

பயம்தான், மகளே. இதைச் சொல்லுவதில் எனக்கு வெட்கமில்லை. பத்து வயதில் உனக்கு மூட்டுவலிக் காய்ச்சல் வந்து, முட்டியெல்லாம் வீங்கி, நீ மூன்று வாரம் பாயிலேயே கிடந்தாய். காய்ச்சல் போன பிறகு பெரியாஸ்பத்திரி டாக்டர் உன் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். "காய்ச்சல் வால்வைக் கடிச்சிட்டுப் போயிருக்கு. பிள்ளையை ஓட விடாதீங்க. உதடு நீலமானா அந்த நிமிஷமே தூக்கிட்டு வந்துருங்க" என்றார். நான் நேரே திரேஸ்புரம் வந்து தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். அது நான் செய்த முதல் பிசகு. நீ உப்பு வாங்கக் கடைக்குப் போனால், "ஏளா ஓடாத" என்று பன்னிரண்டு வாசலில் இருந்து பன்னிரண்டு குரல் வரும். கடைசி வீட்டுக் கிழவிக்குக் கண் தெரியாது. யார் நடந்தாலும் "ரோசி, மெதுவாப் போளா" என்று சொல்லுவாள், கட்டுமரம் தூக்கிப் போகிற ஆம்பிளைகளையும் சேர்த்து. இப்படியே ஓடாமல் ஓடாமல், நீ நடக்கிற வேகத்துக்கு மற்ற பிள்ளைகள் ஓட வேண்டியதாயிற்று.

வைத்தியம் சொல்லாத ஆள் கிடையாது. ஆமை ரத்தம் இதயத்துக்கு நல்லது என்று யாரோ சொல்ல, நான் ஒரு தம்ளர் வாங்கிக்கொண்டு வந்து நின்றேன். உன் அம்மா தம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பிள்ளைக்கு வேண்டாம். வாங்கிட்டு வந்தவுகளே குடிங்க" என்றாள். வீணாகப் போகக் கூடாதே என்று நானே குடித்தேன். உன் வால்வுக்கு என்ன ஆனதோ தெரியாது, எனக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், மெட்ராஸிலும் உனக்கு ஆளுக்கு ஒரு மருந்து சொல்லுவார்கள். சொல்லுகிறவரையே முதலில் குடிக்கச் சொல்லு. பாதிப் பேர் அதோடு போய்விடுவார்கள்.

நீ கபடி ஆடுவது வீட்டில் எனக்கு மட்டும் ஒரு வருஷம் தெரியாது. உன் அம்மாவுக்குத் தெரியும். பாவாடை முழங்காலில் கிழிந்து வந்ததற்கெல்லாம் அவள் எனக்கு வேலிமுள் கதை சொல்லியிருக்கிறாள். நம் தெருவில் இருந்து பள்ளிக்கூடம் வரை வேலியே கிடையாது என்பது எனக்குத் தோன்றவில்லை. ஒருநாள் கடலுக்குப் போகவில்லை, சிஸ்டர்மாருக்குக் கொஞ்சம் ஊளி மீன் கொடுத்துவிட்டு வரலாம் என்று பள்ளிக்கூடம் வந்தேன். மைதானத்தில் ஒரு பிள்ளை, தன்னைவிடப் பெரியவளான ஒருத்தியின் இடுப்பைக் கட்டிப் பிடித்து மண்ணில் சாய்த்து மேலே உட்கார்ந்திருந்தது. யார் வீட்டுப் பிடாரி இது என்று பார்த்தால் என் வீட்டுப் பிடாரி. மீனைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தேன். எஸ்தர் டீச்சர் நடுவில் வந்து நின்றார்கள். "ஐயா, ஓடக் கூடாதுன்னுதானே டாக்டர் சொன்னார்? இதுல ஓட்டமே இல்லை. எட்டு அடி போகணும், எட்டு அடி வரணும், அவ்வளவுதான்" என்றார்கள். டீச்சருக்கு ஊர் நாசரேத். அந்த ஊர்க்காரர்களிடம் வாதம் பண்ணி ஜெயித்தவன் எவன்? நான் பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நீ 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டு எதிர்ப் பக்கம் போய்விட்டாய். நான் கோபப்பட வேண்டியவன். வாய் தன்னால் 'அருள் நிறைந்த மரியே' சொல்லி உன் மூச்சை எண்ண ஆரம்பித்துவிட்டது.

இந்த எண்ணிக்கையை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை ஒருநாள் உன் பிள்ளைகள் வாசிக்கக்கூடும், மெட்ராஸில் வளர்கிற பிள்ளைகளுக்குக் கயிறு என்றால் துணி காயப்போடுவது என்றுதான் நினைப்பு இருக்கும். சங்கு குளிக்கப் போகிறவன் இடுப்பில் ஒரு கயிறு கட்டியிருப்பான். மறுமுனை வள்ளத்தில் இருக்கிற அவன் மச்சான் கையில் இருக்கும். வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டோம், கூடப் பிறந்தவன் கையில்கூட. சொத்துச் சண்டை வந்தால் கூடப் பிறந்தவன் கை தாமதிக்கலாம். தங்கச்சி தாலியறுக்க எந்த அண்ணனும் சம்மதிக்க மாட்டான் என்பது நம் ஆட்களின் கணக்கு. கீழே போனவனுக்கு மூச்சு முட்டினால் கயிற்றை ஒரு அசைப்பு அசைப்பான். மச்சான் இழுத்துவிடுவான். அசைக்கும் வரைக்கும் மேலே இருப்பவன் 'அருள் நிறைந்த மரியே' சொல்லி எண்ணிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மா இருப்பதுதான் கஷ்டமான வேலை. அசைக்காமல் இழுத்தவன் கையில் மறுநாள் யாரும் கயிறு கொடுக்க மாட்டார்கள். உன் மாமா இருபது வருஷம் எனக்குக் கயிறு பிடித்தார். நாங்கள் பேசிக்கொள்ளாத மாதங்கள் உண்டு. உன் ஞானஸ்நான விருந்தில் கறி போதாமல் போனதற்காக ஒரு வருஷம் முகம் திருப்பிக்கொண்டு ஒரே வள்ளத்தில் போயிருக்கிறோம். கயிறு மட்டும் ஒருநாள்கூட முந்தியதும் இல்லை, பிந்தியதும் இல்லை.

அதனால்தான் உனக்கும் ஒரு சட்டம் போட்டேன். ஒரு 'அருள் நிறைந்த மரியே' முடிவதற்குள் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட வேண்டும். நீ சரி என்றாய். நீ போகிற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நானும் மாமாவும் நடுக்கோட்டு ஓரத்தில் நின்று, நீ பாடிப் போகும்போதெல்லாம் முணுமுணுவென்று ஜெபம் சொன்னோம். தலைமைச் சிஸ்டர் எங்களைக் காட்டி, ஆட்டம் பார்க்க வந்த இடத்திலும் ஆண்டவரை மறவாத இரண்டு ஆம்பிளைகள் என்று பிள்ளைகளுக்குப் புத்தி சொன்னார்கள். கோவில்பட்டியில் இருந்து வந்த அணிக்காரர்களோ, இவர்கள் ஏதோ மந்திரம் போடுகிறார்கள், இடம் மாற்றி நிற்கச் சொல்லுங்கள் என்று நடுவரிடம் புகார் கொடுத்தார்கள். அந்தச் சட்டத்தால் உனக்கு ஒரு நன்மையும் வந்தது. மற்ற பிள்ளைகள் மூச்சு இருக்கும்வரை அங்கே சுற்றிச் சுற்றி நிற்கும். நீ போன சுவடு தெரியாமல் போய், ஒருத்தியைத் தொட்டு, ஆமென் வருவதற்குள் திரும்பிவிடுவாய். உன்னைப் பிடிக்க அவர்கள் கை நீட்டும்போது நீ இந்தப் பக்கம் பாவாடை மண்ணைத் தட்டிக்கொண்டிருப்பாய். இரண்டு வருஷத்தில் பள்ளிக்கூட அணிக்கு நீதான் கேப்டன். டாக்டரிடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நெஞ்சைக் காட்டப் போகும்போது மட்டும் கபடி விஷயத்தில் நானும் மாமாவும் நீயும் ஊமைகள். அவர் "ஓடுதாளா?" என்று கேட்பார். நான் "இல்லைங்க, எட்டு அடிதான்" என்பேன். அவருக்கு அது புரிந்ததே இல்லை.

புது ஹார்பர் திறந்த வருஷம் அந்த மாவட்டப் போட்டி வந்தது. கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் மாநில அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் உன்னைக் கூப்பிடுவார்கள் என்று எஸ்தர் டீச்சர் சொல்லியிருந்தார்கள். நீ இரண்டு நாள் தூங்கவில்லை, உன்னால் நாங்களும் தூங்கவில்லை. ஆட்டம் முடிய ஒரு தடவை பாடிப் போகத்தான் நேரம் இருந்தது, நாம் ஒரு புள்ளி குறைவு. எதிர்ப் பக்கம் மூன்று பேர். நீ போனாய். ஒருத்தியைத் தொட்டாய், இன்னொருத்தியையும் தொட்டாய், திரும்பும்போது மூன்றாமவள் உன் கணுக்காலைப் பிடித்துவிட்டாள். மற்ற இரண்டு பேரும் மேலே விழுந்தார்கள். நீ கையை நீட்டிக்கொண்டு கோட்டைப் பார்த்து நகர்கிறாய், வாயில் 'கபடி கபடி' நிற்கவில்லை. ஒரு மரியே போயிற்று, இரண்டு போயிற்று, மூன்றாவது பாதியில் இருந்தது. உன் விரலுக்கும் கோட்டுக்கும் நடுவில் ஒரு சாண். அப்போதுதான் உன் மாமா கோட்டைத் தாண்டிக் குனிந்து, உன் மணிக்கட்டைப் பிடித்து ஓங்கி இழுத்தார். கடலில் இழுத்துப் பழகிய கை. நீயும், உன் காலில் ஒருத்தியும், இடுப்பில் ஒருத்தியும், முதுகில் ஒருத்தியுமாக நாலு பிள்ளைகளும் ஒரே இழுப்பில் நம் பக்கம் வந்து குவிந்தீர்கள். நடுவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊத மறந்து நின்றார். பிறகு ஊதினார். வெளியாள் தொட்டதால் நீ அவுட், புள்ளி அவர்களுக்கு, ஆட்டமும் அவர்களுக்கு.

நீ அழவில்லை. எழுந்து நின்று, "ஒரு சாண்தான் மாமா இருந்துச்சு. எனக்கு மூச்சு இருந்துச்சு மாமா" என்றாய். அதற்குப் பிறகு நாலு மாதம் அவரோடு பேசவில்லை. ஊர் உனக்கும் சேர்த்துப் பேசியது. அவர் மீன் ஏலத்துக்குப் போனால், "சவரிமுத்து வாராரு, கூடையப் பிடிச்சுக்கோங்க, இழுத்துட்டுப் போயிருவாரு" என்பார்கள். டீக்கடையில் பெஞ்சில் இடம் இல்லை என்றால், ஒருத்தனை இழுத்துப் போட்டுவிட்டு உட்காரும் அண்ணாச்சி என்பார்கள். அடுத்த சீசனில் நான் காது போய்க் கடலை விட்டேன். மாமாவும் வேறு யாருக்கும் கயிறு பிடிக்கவில்லை. எத்தனையோ பேர் இருக்கும்போது ஏன் பிடிக்கவில்லை என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. யாரும் அவர் கையில் கொடுக்கவில்லை, மகளே. அசைக்காமல் இழுத்தவர் என்று பேர் ஆகிவிட்டது. இப்போது ஹார்பரில் கப்பல்களைக் கயிறு போட்டுக் கட்டுகிற வேலை. கப்பலுக்கு ஊர்ப்பேச்சு தெரியாது.

இனி எழுதப் போகிறதைத்தான் எட்டு நாளாக எழுத முடியாமல் இருந்தேன். அன்றைக்கு உன் முகம் கோட்டுப் பக்கம் திரும்பியபோது உன் உதட்டைப் பார்த்தேன். நீலமாக இருந்தது. உதடு நீலமானால் என்று டாக்டர் சொன்னது ஏழு வருஷம் கழித்து என் மண்டைக்குள் மணி அடித்தது. "இழும் மச்சான்" என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமல், "பிள்ள இன்னும் அசைக்கல மாப்ள" என்றார். மறுபடியும் சொன்னேன், இந்தத் தடவை அவர் முதுகில் கையை வைத்துத் தள்ளிச் சொன்னேன். இருபது வருஷமாக என் அசைப்புக்கு இழுத்த கை அது. அன்றும் என் அசைப்புக்குத்தான் இழுத்தது. நான் அவர் பின்னால் நின்றதால் யாரும் பார்க்கவில்லை. அரைமணி நேரம் கழித்து உங்கள் அணிப் பிள்ளைகள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்து அழும்போது பார்த்தேன், பதினோரு பேருக்கும் உதடு நீலம். ஆட்டத்துக்கு முன்னால் எஸ்தர் டீச்சர் ஒரு கூடை நாவல்பழம் வாங்கிக் கொடுத்தார்களாம்.

சிரித்துவிடு. நானும் சிரித்துத்தான் பார்த்தேன், ஐந்து வருஷமாக முழுசாக வரவில்லை. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். நீ மாமாவைப் பார்த்த பார்வையைப் பார்த்தேன், அந்தப் பார்வை என்மேல் திரும்பக் கூடாதே என்று வாயை மூடிக்கொண்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். நாளை ஆக ஆகச் சொல்லுவது கனத்துக்கொண்டே போயிற்று. உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி ஒன்று இருந்தால் இதுதான்: தப்புச் செய்தால் மண்ணைத் தட்டுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடு. இல்லாவிட்டால் அதை இன்னொருத்தர் சுமப்பார், நீ அவர் வீட்டில் உட்கார்ந்து காப்பி குடிக்க வேண்டியிருக்கும்.

நேற்றுக் காலையில் ஹார்பருக்குப் போனேன். மாமா ஒரு பெரிய கப்பல் கயிற்றின் மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "பிள்ளைக்கு உண்மைய எழுதப் போறேன் மச்சான்" என்றேன். "எதுக்கு மாப்ள, ஆபரேஷனுக்குப் போற பிள்ளைக்கு அப்பன்மேல கோவம் எதுக்கு" என்றார். ஐந்து வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "இழுத்ததுக்குக் கணக்கு, கயிறு பிடிச்சவன் கையிலதான் கேக்கணும். கீழ இருக்கவனக் காட்டிக்கொடுக்கவா நான் கயிறு பிடிச்சேன்?" என்றார். சொல்லிவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தேடினார். என் ஒரு காதில் அது நன்றாகக் கேட்டது. அந்த மனுஷனுடைய தங்கச்சியைக் கட்டியதற்கு நான் எந்தப் புண்ணியம் செய்தேனோ தெரியவில்லை. இதை உன் அம்மாவிடம் சொல்லாதே. தன்னையும் அந்தப் புண்ணியத்தில் சேர்த்துக்கொண்டு இன்னும் பத்து வருஷம் என்னை ஆட்டிவைப்பாள்.

பேப்பரில் கையெழுத்துப் போட்டுவிட்டேன், இந்த உறையிலேயே இருக்கிறது. 'என்ன நேர்ந்தாலும்' என்ற வரிக்கு நேரே என் பேனா மை கொஞ்சம் ஊறியிருக்கும், பார்த்துக்கொள். நீ கேட்டாய், நான் கயிற்றைத் தளர்த்தினேன். உனக்கு மூச்சு இருக்கிறது என்று நீ சொன்னால் இனி நம்புவேன். அன்றைக்கும் நம்பியிருக்க வேண்டும். ஆனால் யார் வருவது என்பதில் மட்டும் உன் பேச்சைக் கேட்பதாக இல்லை. உன் பக்கத்தில் மாமாதான் இருப்பார். கடலில் ஒருநாளும் அசைக்காமல் இழுக்காதவர். பாதியில் வெளியே இழுத்துக்கொண்டு ஓடக்கூடிய ஆள் நான், அதனால் நான் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருப்பேன். எழுந்தால் பிடித்து உட்கார வைக்க உன் அம்மா வருகிறாள்.

மயக்கம் தெளிகிறபோது கொஞ்ச நேரத்துக்குப் பேச வராதாம், எஸ்தர் டீச்சர் சொன்னார்கள். பேச வேண்டாம். மாமா சுண்டுவிரலை உன் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பார். நீ வந்துவிட்டாய் என்றால் அதை ஒரு தடவை அசை. அவர் வெளியே வந்து எனக்குச் சொல்லுவார். அதுவரைக்கும் நானும் 'அருள் நிறைந்த மரியே' சொல்லிக்கொண்டுதான் இருப்பேன், ஆனால் எத்தனை என்று எண்ண மாட்டேன்.

அப்பா